ரேடியோ நெல்லும் ரேடியோ ரிப்பேர்காரரும்

தஞ்சாவூர் டெல்டாவில் வயசானவங்க யாரிடமாவது "ரேடியோ நெல்" என்று சொல்லிப் பாருங்கள். ஆடுதுறை 27 என்ற குறுவை ரகத்துக்கு எங்க ஆட்கள் வைத்த பெயர் அது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பான் நெல் ஒன்றையும் நம்ம ஜி.ஈ.பி. 24 ரகத்தையும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கினார்கள். ஏறக்குறைய 105 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். 1960களின் நடுவில் திருச்சி வானொலி நிலையம் இந்த நெல்லைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னது. எப்போ நாற்று விடணும், எவ்வளவு உரம் போடணும், எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, எல்லாமே ரேடியோவில்தான் வந்தது. கேட்டவர்கள் விதை தேடி அலைந்தார்கள். ரேடியோவில் கேட்டு விதைத்த நெல் ரேடியோ நெல் ஆகிவிட்டது.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் விஞ்ஞானிகளைச் சொல்வார்கள். வேளாண்மைத் துறையைச் சொல்வார்கள். திருச்சி நிலையத்தைச் சொல்வார்கள். எல்லாம் நியாயம்தான். ஆனால் திருச்சி நிலையத்துக்கும் விவசாயி காதுக்கும் நடுவில் ஒரு மரப்பெட்டி இருந்ததே, அதை யார் யோசிக்கிறார்கள்? அடைமழையில் ஈரம் குடிக்கும். எலி ஒயரைக் கடிக்கும். கரண்ட் ஏறி இறங்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஊமையாகிவிடும். அதைத் திரும்பப் பேச வைத்த ரிப்பேர்காரர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இன்னிக்கு அவரைப் பற்றியும், அவர் கையில் இருந்த வித்தையைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம்.

ரேடியோ ஊருக்கு வந்த கதை

நம்ம பக்கம் ஒலிபரப்பு ரொம்பப் பழசு. 1924இலேயே சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்நின்று ஒரு ரேடியோ கிளப் ஆரம்பித்து ஒலிபரப்பினார்கள். பணமுடையால் 1927இல் அது நின்றது. அந்தக் கருவியை வாங்கிக்கொண்டு சென்னை மாநகராட்சி 1930இலிருந்து ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. அடுத்த வருஷமே, 1939 மே 16இல், திருச்சி நிலையம். காவிரிக்கரை விவசாயிக்குச் சென்னையைவிடத் திருச்சிதான் பக்கம். அதனால் எங்களுக்கு ரேடியோ என்றாலே திருச்சிதான்.

நிலையம் வந்துவிட்டால் போதுமா, பெட்டி வேணுமே? ஆரம்பத்தில் பெரிய மிராசுதார் வீட்டில் ஒன்று இருக்கும், அவ்வளவுதான். ஊரில் கரண்ட் கிடையாது. அதனால் பேட்டரி செட். 90 வோல்ட் பேட்டரி ஒன்று, வால்வைச் சூடாக்க 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று. இன்னொரு வகை உண்டு. கார் பேட்டரி மாதிரி 6 வோல்ட் பேட்டரி, அதோடு வைப்ரேட்டர் என்று ஒரு சாமான். அது "கிர்ர்" என்று துடித்து 6 வோல்ட்டைப் பெரிய வோல்ட்டாக மாற்ற உதவும். பேட்டரி இறங்கினால் வண்டியிலோ சைக்கிள் கேரியரிலோ வைத்து டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வரணும்.

அப்புறம் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. சாயங்காலமானால் ஊர்ப் பொது இடத்தில் குழாய் ஸ்பீக்கர் பாடும். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்களும் கேட்டார்கள், திண்ணையில் உட்கார்ந்தவர்களும் கேட்டார்கள். யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காமல் கூலிக்காரரும் செய்தி கேட்க முடிந்தது அதனால்தான். 1950, 60களில் கரண்ட் கம்பி ஊர் ஊராக வந்ததும் வீடுகளுக்கும் பெட்டி வந்தது. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், நேஷனல் எக்கோ, எச்.எம்.வி., ஜி.ஈ.சி. என்று பேர் சொல்லிப் பெருமையடித்தார்கள்.

ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டணும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதை நம்பமாட்டார்கள்! வீட்டுக்கு மேலே இரண்டு மூங்கில் நட்டு நடுவில் செம்புக் கம்பி ஏரியல் கட்டியிருப்பார்கள். அதைப் பார்த்தே அந்த வீட்டில் ரேடியோ இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். 1980களில்தான் லைசென்ஸ் தொல்லை முழுசாக ஒழிந்தது.

பாட்டு விஷயத்தையும் சொல்லிவிடணும். 1952இல் பி.வி. கேஸ்கர் மத்திய அமைச்சராக வந்தபிறகு அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கெடுபிடி வந்தது. ஜனங்கள் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி ஆரம்பித்ததற்கு இதுவும் ஒரு காரணம். விவசாயச் செய்திக்குத் திருச்சி, பாட்டுக்கு இலங்கை. ஒரே பெட்டிதான், ஒரே முள்தான்.

பெட்டிக்குள்ளே என்ன இருக்கு?

வால்வு என்பது காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு இழை சூடாகும். அந்தச் சூட்டில் எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரே இருக்கும் தகட்டுக்கு ஓடும். 1904இல் இங்கிலாந்தில் ஃபிளெமிங் இதை முதலில் செய்தார். இரண்டு வருஷம் கழித்து அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் இழைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வலையை வைத்தார். வால்வின் மகிமை எல்லாம் அந்த வலையில்தான்.

விவசாயிக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஆற்றில் தண்ணீர் கரைபுரண்டு போகிறது. மதகுப் பலகையை ஒரு ஆள் நாலு விரற்கடை தூக்கினால் வாய்க்கால் பூரா தண்ணீர் பாயும், இறக்கினால் நிற்கும். தூக்குகிற ஆளின் பலம் எவ்வளவு, பாய்கிற தண்ணீரின் பலம் எவ்வளவு! வலைதான் அந்த மதகுப் பலகை. ஏரியலில் வருகிற சுண்டுவிரல் பலம்கூட இல்லாத சமிக்ஞை வலையை ஆட்டும். அந்த ஆட்டத்துக்கு ஏற்ப பெரிய மின்னோட்டம் ஏறி இறங்கி, கடைசியில் ஸ்பீக்கரை அதிர வைக்கும்.

வீட்டு ரேடியோ பெரும்பாலும் ஐந்து வால்வு செட். முதல் வால்வு, எந்த நிலையத்தைத் திருப்பினாலும் அதை 455 கிலோஹெர்ட்ஸ் போல ஒரே அலைவரிசைக்கு மாற்றிவிடும். எந்த வயல் நெல்லானாலும் ஒரே மரக்காலில் அளக்கிற மாதிரி. அமெரிக்கரான ஆர்ம்ஸ்ட்ராங் 1918இல் கொண்டுவந்த முறை இது. இரண்டாவது வால்வு அதைப் பெருக்கும். மூன்றாவது அலையிலிருந்து குரலைப் பிரித்துக் கொஞ்சம் பெருக்கும். நான்காவது ஸ்பீக்கரை ஓட்டும். ஐந்தாவது வீட்டு ஏ.சி. கரண்டை டி.சி. ஆக்கி மற்ற நாலுக்கும் சோறு போடும்.

அந்த வால்வுகளின் பேரிலேயே விவரம் இருக்கும். ஈ.சி.எச். 81, ஈ.பி.எஃப். 89, ஈ.எல். 84 என்று ஈயில் ஆரம்பித்தால் இழைக்கு 6.3 வோல்ட், டிரான்ஸ்பார்மர் செட். யூவில் ஆரம்பித்தால் இழைகள் எல்லாம் வரிசையாகக் கோத்த ஏ.சி. - டி.சி. செட். டியில் ஆரம்பித்தால் பேட்டரி செட். கெட்டிக்கார ரிப்பேர்காரர் பின்மூடியைக் கழற்றி ஒரு எழுத்தைப் பார்த்ததுமே பெட்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். பெங்களூரில் 1954இல் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1961 வாக்கில் ரேடியோ வால்வுகளை இங்கேயே செய்ய ஆரம்பித்தது.

நோய் பார்த்த விதம்

டவுனுக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடையாவது இருந்தது. பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், கடையில் எடுபிடியாகச் சேர்ந்து கற்றவர்கள், பழைய பெட்டியைப் பிரித்துப் பார்த்தே பழகியவர்கள் என்று பல வகை. எங்க பக்கத்து டவுனில் ஒரு பெரியவர் இருந்தார். பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால் முதலில் திறக்கமாட்டார். வைத்தியர் மாதிரி கேள்விதான் கேட்பார்.

"என்ன தம்பி, முனகுதா, கரகரங்குதா, இல்ல பேச்சே இல்லையா?"

"முனகுதுங்கய்யா. பாட்டுக்குப் பின்னாடியே ம்ம்ம்னு ஒரு சத்தம்."

"வச்சிட்டுப் போ. பெரிய கண்டென்சர் போயிருக்கும். நாளைக்கு வா."

அவர் சொன்னது மந்திரம் இல்லை. வால்வு ரேடியோவில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குரல் உண்டு. அதைக் கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இடைவிடாத முனகல் என்றால் ஐந்தாவது வால்வு தரும் டி.சி.யில் உள்ள அலையைச் சமப்படுத்தும் பெரிய கண்டென்சர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குள்ளே ஈரமான ரசாயனம் இருக்கும். வருஷக்கணக்கில் அது வற்றிவிடும்.

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரப்பு வந்தால் வால்யூம் கண்ட்ரோலில் தூசி. பேண்ட் மாற்றும்போது வந்தால் பேண்ட் சுவிட்ச் பித்தளைப் புள்ளிகளில் களிம்பு. துடைத்தால் போய்விடும்.

முள் நகரவில்லை என்றால் டயல் நூல் அறுந்திருக்கும். வழுக்கினால் நூலில் ஈயப் பற்றவைப்புக்கு வைத்திருக்கும் ரோசினைக் கொஞ்சம் தேய்த்துவிடுவார்.

மொத்தமாக ஊமை என்றால்தான் வேலை. முதலில் மூக்கு. கருகின வாசனை இருக்கா? அப்புறம் கண். எல்லா வால்வும் சிவப்பாக மினுங்குதா? ஏ.சி. - டி.சி. செட்டில் ஒரு இழை அறுந்தாலும் ஐந்தும் இருண்டுவிடும். கோயில் திருவிழாவில் கட்டுகிற சீரியல் செட்டு பல்பு மாதிரி. எது அறுந்தது என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரில் பார்க்கணும்.

எல்லாம் எரிகிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகப் போவார். கைப்பிடி காப்பிட்ட ஸ்க்ரூ டிரைவர் தண்டில் விரலை வைத்து, டிரான்ஸ்பார்மர் செட்டில் வால்யூம் கண்ட்ரோலின் நடு முனையைத் தொடுவார். ஸ்பீக்கரில் "புர்ர்" என்று வந்தால் பின் பாதி நல்லா இருக்கு, நோய் முன் பாதியில். வரவில்லை என்றால் நோய் பின் பாதியில். ஒரே தொடலில் பெட்டியை இரண்டாகப் பிரித்துவிட்டார், பாருங்கள். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் நாமும் அப்படித்தானே செய்கிறோம்? நடுவில் ஒரு இடத்தில் போய்ப் பார்த்து, அடைப்பு அதற்கு மேலேயா கீழேயா என்று முடிவு செய்வோம். அதே கணக்குதான்.

இதில் மோசமான திருடன் ஒருவன் உண்டு. மூன்றாவது வால்வுக்கும் நான்காவது வால்வுக்கும் நடுவில் ஒரு சின்ன காகிதக் கண்டென்சர் இருக்கும். குரலை மட்டும் விட்டு டி.சி.யைத் தடுப்பது அதன் வேலை. மெழுகில் முக்கிய காகிதத்தால் செய்தது. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் காகிதம் நனைந்து கசிய ஆரம்பிக்கும். டி.சி. போகக்கூடாத இடத்துக்கு, அதாவது நான்காவது வால்வின் வலைக்கு, கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். மதகை யாரோ திறந்து விட்டுவிட்ட மாதிரி வால்வில் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஓடும். பாட்டு முதலில் தொண்டை கட்டியது போலக் கேட்கும். வால்வின் தகடு பழுக்கும். கடைசியில் ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் டிரான்ஸ்பார்மரும் எரியும். சில்லறைக் காசு சாமானால் பெட்டியின் விலை உயர்ந்த இரண்டு சாமானும் காலி. நல்ல ரிப்பேர்காரர் பெட்டி எதற்காக வந்திருந்தாலும் அந்தக் கண்டென்சரை ஒரு தடவை சோதித்துவிட்டுத்தான் மூடுவார்.

அப்புறம் எலி. அதற்கு எந்தப் புத்தகத்திலும் வைத்தியம் இல்லை. வால்வுச் சூட்டுக்கு மழைக்காலத்தில் எலி உள்ளே குடித்தனம் வந்துவிடும்.

ஏன் இது முக்கியம்?

1960இல் தஞ்சாவூர் மாவட்டத்துக்குத் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. எல்லோரும் பாக்கேஜ் திட்டம் என்பார்கள். 1966 வாக்கில் வானொலியில் பண்ணை இல்ல ஒலிபரப்பு என்று தனிப் பிரிவே அமைத்தார்கள். விவசாயத்தில் எல்லாம் நாள் கணக்குதான். ஒரு வாரம் தள்ளி நாற்று விட்டால் அறுப்பு மழையில் மாட்டும். மருந்து அடிக்கச் சொன்ன வாரத்தில் பெட்டி ஊமையாகக் கிடந்தால் அந்தச் செய்தி அந்த வீட்டுக்கு இல்லை என்றுதான் அர்த்தம். அப்போது பேப்பர் மறுநாள் வரும், அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. அந்தச் சமயம் டிரான்சிஸ்டர் வர ஆரம்பித்திருந்தாலும் பழைய வீடுகளில் வால்வு செட்தான் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

அதனால் நான் சொல்வது இதுதான். ரேடியோ நெல் என்று ஒரு பேர் நிலைக்கணும் என்றால், நெல் நல்ல நெல்லாக இருக்கணும், சொல்கிறவர் தெளிவாகச் சொல்லணும், கேட்கிற பெட்டியும் ஓடணும். முதல் இரண்டுக்கும் அரசாங்கத்தில் சம்பளம் வாங்கிய ஆட்கள் இருந்தார்கள். மூன்றாவதைப் பெரும்பாலும் டவுன் கடைத்தெரு மூலையில் ஈயப் புகையில் உட்கார்ந்திருந்த ரிப்பேர்காரர்தான் பார்த்துக்கொண்டார். அறுப்பு முடிந்து காசு தருகிறேன் என்று சொன்னாலும் பெட்டியைச் சரி செய்து கொடுத்தவர்கள் உண்டு.

டிரான்சிஸ்டர் வந்ததும் அந்தக் கதை முடிந்தது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாலு செல் போட்டு வரப்பில் வைத்துக்கொண்டு களை பறிக்கலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? சூடாகும்வரை காத்திருக்க வேண்டாம், சுவரில் செருக வேண்டாம். ஆனால் அடுத்தடுத்து வந்த சாமான்கள் திறந்து பார்க்கிற சாமான்களாக இல்லை. வால்வு செட்டில் ஒவ்வொரு உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கழற்றலாம், மாற்றலாம். பல பெட்டிகளில் பின்மூடியிலோ உள்பக்கத்திலோ எந்த வால்வு எந்த இடம் என்று படமே ஒட்டியிருக்கும். செய்தவனே "திறந்து பார்" என்று சொல்லி விற்ற பொருள் அது.

பரணில் கிடந்தால்

உங்க வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கலாம். இறக்கித் துடைத்து, ஆசையில் நேராகப் பிளக்கில் செருகிவிடாதீர்கள். முப்பது நாற்பது வருஷம் தூங்கிய கண்டென்சர் முழுக் கரண்டைத் தாங்காது. நல்லா இருக்கும் டிரான்ஸ்பார்மரும் அதோடு போய்விடும். செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். வால்வை ஈரத்துணியால் துடைத்தால் மேலே அச்சடித்த நம்பர் அழிந்துவிடும், ஜாக்கிரதை. பின்னால் வோல்ட் மாற்றும் பட்டை இருந்தால் நம்ம வீட்டுக் கரண்டுக்குச் சரியான இடத்தில் இருக்கா பாருங்கள். பவர் கயிறு வெடித்திருந்தால் மாற்றுங்கள். பெரிய கண்டென்சரையும் காகிதக் கண்டென்சர்களையும் அதே மைக்ரோஃபாரடில், அதே வோல்ட்டுக்கோ மேலேயோ உள்ள புதுசாக மாற்றுவது நல்லது. பழைய ரெசிஸ்டன்ஸ்களின் மதிப்பு ஏறியிருக்கும், மீட்டரில் பாருங்கள். அப்புறம் 40 அல்லது 60 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றை வரிசையில் கோத்து, அதன் வழியாகக் கரண்ட் கொடுங்கள். கடைக்காரர்கள் சீரியஸ் லேம்ப் என்பார்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். மங்கலாக எரிந்தால் மேலே போகலாம்.

உயிர் விஷயம் இரண்டு. உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் டி.சி. உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். அதை ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாக இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கணும். இரண்டாவது, யூ வால்வு போட்ட ஏ.சி. - டி.சி. செட்டில் இரும்புச் சேசிஸே கரண்டோடு நேராகச் சேர்ந்திருக்கும். பிளக் திரும்பினால் சேசிஸ் முழுக்க ஃபேஸ். குமிழ் கழன்றிருந்தால் அந்த ஆணியைத் தொட்டாலே அடிக்கும். பழக்கமில்லாதவர்கள் அந்தச் செட்டைத் திறக்காமல் தெரிந்தவரிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

சரி செய்தால் என்ன கேட்கும் என்று கேட்பீர்கள். பெரும்பாலான பழைய பெட்டிகளில் எஃப்.எம். கிடையாது. மீடியம் வேவும் சிற்றலையும்தான். சிற்றலையில் முன்போலக் கூட்டம் இல்லை. ராத்திரியில் மீடியம் வேவில் தூரத்து நிலையங்கள் வரும். எல்.ஈ.டி. பல்பும் செல்போன் சார்ஜரும் போடும் இரைச்சல்தான் பெரிய இடைஞ்சல். கரண்ட் போனால் இரைச்சலும் போகும், ஆனால் கரண்ட் போனால் பெட்டியும் பாடாது!

அதனால் பாட்டுக்காக அதைச் சரி செய்யச் சொல்லவில்லை. வால்வு தெரிந்த ரிப்பேர்காரர்கள் இப்போது எழுபது எண்பது வயசில் இருக்கிறார்கள். கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்க பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வையுங்கள். வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். பழைய இரும்போடு சேர்த்துப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டால் இரண்டு கிலோ இரும்பும் ஒரு பிடி செம்பும் தேறும். ரேடியோ நெல்லைத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அந்த ரேடியோவைத் தெரிந்தவரும் இருக்கும்போதே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.